மிதிங்க மாமா

என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். 22 வயதாகிறது, அதற்கும் மானம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளட்சை மிதித்தேன். கீழே போன பெடல் மேலே வரவில்லை. குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸ் ஓரமாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "லோயர் போயிருக்கும். புதன்கிழமை கொண்டாங்க" என்றார். பெடலோடு சேர்ந்திருக்கிற மாஸ்டர் சிலிண்டரை மெக்கானிக்குகள் 'அப்பர்' என்பார்கள். கியர்பாக்ஸில் மாட்டியிருக்கிற ஸ்லேவ் சிலிண்டர் 'லோயர்'. நடுவில் ஒரு பைப், கொஞ்சம் ரப்பர் ஹோஸ், உள்ளே பிரேக் ஆயில். மேலே மிதித்தால் கீழே பிஸ்டன் ஒரு ஃபோர்க்கைத் தள்ளும், கிளட்ச் விலகும். அவ்வளவும் குழாய் வேலைதானே, சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிய கை இது, புதன்கிழமை வரை எதற்குக் காத்திருப்பது என்று தோன்றியது. அங்கே ஆரம்பித்தது.

உதவிக்கு மாமனார் வந்தார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். "பாஸ்கல் விதிங்க மாப்பிள்ளை" என்று திண்ணையிலேயே பாடத்தைத் தொடங்கிவிட்டார். அந்த விதியை வைத்து 1795இல் நீரியல் அழுத்தி செய்து காப்புரிமை வாங்கிய ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர், அதற்கு முன்னால் 1778இல் கக்கூசுக்குக் காப்புரிமை வாங்கியவர் என்பதையும் சொன்னார். குழாய் வேலை ஒன்றும் கேவலமில்லை என்று எனக்குத் தெம்பு வந்தது. மாமியார் மட்டும், பிரம்மாவைப் போய்க் கக்கூசோடு சேர்த்துப் பேசுவதா என்று உள்ளே போய்விட்டார்.

புது லோயரை மாட்டுவது அரை மணி நேர வேலை. அதற்குப் பிறகு ஏர் எடுக்க வேண்டும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். உள்ளே கொஞ்சம் காற்று நின்றாலும் நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அதை நசுக்கவே சரியாகப் போய்விடும், பிஸ்டன் நகராது. ஆகவே ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து லோயரில் இருக்கும் நிப்பிளைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூடி, அதன்பிறகு பெடலை விடச் சொல்ல வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால், போன காற்றை வண்டி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மருந்துக்கடையில் வாங்கிய ட்ரிப்ஸ் டியூபை நிப்பிளில் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன். எதிர்வீட்டு ஆத்தா எட்டிப் பார்த்து, "ஏனுங், வண்டிக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றார்.

"மிதிங்க மாமா."

"மிதிச்சாச்சுங்க மாப்பிள்ளை."

இதுவரை சரி. நிப்பிளைத் திறந்தேன், குமிழி கொப்பளித்தது. "விடாதீங்க மாமா" என்றேன். விட்டுவிட்டார்.

மூன்று தடவை இப்படியே ஆனபிறகுதான் கோளாறு எங்கள் பேச்சில் இருப்பது புரிந்தது. 'விடாதீங்க' என்பதில் வினை முதலில் வருகிறது, மறுப்பு நடுவில் ஒளிந்து வருகிறது, மரியாதை கடைசியில் ஆடி அசைந்து வருகிறது. 'விடா' காதில் விழுந்ததும் மாமாவின் கால் மேலே. 'தீங்க' போய்ச் சேர்வதற்குள் காற்று லோயருக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். சரி, வேறு வார்த்தை போடலாம் என்று "புடிச்சுக்கோங்க மாமா" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பெண் கொடுத்தவரை 'மிதி', 'புடி' என்று ஒற்றைச் சொல்லில் ஏவ கோயம்புத்தூரில் எந்த மாப்பிள்ளைக்கு நாக்கு வரும்?

ஒருவழியாகக் கால் பழகியது. பாட்டிலில் ஒரு குமிழி இல்லை, சுத்தமான ஆயில். ஆனால் பெடல் மட்டும் பழையபடி பொதபொதவென்று தரைக்குப் போனது. இரண்டு பாட்டில் ஆயில் தீர்ந்தது. சொட்டிய கொஞ்சத்தைத் துடைக்காமல் விட்டதில் மட்கார்டு பெயிண்ட் வெந்த தக்காளித் தோல்போல உரிந்தது.

தெருமுனை டூவீலர் கடைப் பையன் டீ வாங்கப் போகிற வழியில் குனிந்து பார்த்தான். "ஏனுங்ணா, நிப்பிள் தரையப் பாத்துட்டிருக்குது? காத்து மேலதானுங்ணா நிக்கும்."

லோயரில் இரண்டு ஓட்டைகள். ஹோஸுக்கு உரியதில் நிப்பிளையும், நிப்பிளுக்கு உரியதில் ஹோஸையும் மாட்டியிருந்தேன். காற்று உச்சியில் சௌகரியமாக உட்கார்ந்திருக்க, நாங்கள் இரண்டு மணி நேரமாக அடியிலிருந்து ஆயிலை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தோம். முப்பத்திரண்டு வருடம் பாஸ்கல் விதி நடத்தியவர், "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

டீத் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பையன் அடியில் போனான். மாற்றி மாட்டினான். பேச்சே இல்லை. ஸ்பேனரால் சேஸிஸில் ஒரு தட்டுத் தட்டினால் மிதிக்க வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும். தட்டுக்கு ஏது மரியாதை, ஏது மறுப்பு? ஒரு தட்டு, "மிதிச்சாச்சுங்க." இரண்டு தட்டு, "விட்டாச்சுங்க." பத்து நிமிடத்தில் பெடல் கல்மாதிரி நின்றது. டீதான் ஆறிவிட்டது.

கைகழுவ உள்ளே போனேன். குளியலறை தாழிட்டிருந்தது. கதவை ஒரு தட்டுத் தட்டினேன்.

"மிதிச்சாச்சுங்க மாப்பிள்ளை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.