ஸ்தாபகர்

முன்பெல்லாம் கல்லூரியில் வாசிக்கும் பிள்ளையை வழியில் கண்டு, "என்னப்பா படிக்கிறாய்?" என்று கேட்டால், பி.காம். என்றோ பி.எஸ்ஸி. என்றோ ஒரு பதில் வரும். அதற்குமேல் கேட்க நமக்கும் ஒன்றும் இராது, சொல்ல அவனுக்கும் ஒன்றும் இராது. இருவரும் தத்தம் வழியே போய்விடலாம். அந்தச் சௌகரியம் இப்பொழுது அடியோடு போயிற்று. பட்டப் படிப்பின் மூன்றாம் வருஷத்தில் இருக்கும் வாலிபர், இதே கேள்விக்கு, தாம் ஒரு கம்பெனியின் ஸ்தாபகர் என்றும், அதன் தலைமை நிர்வாகியும் தாமே என்றும், கம்பெனி தற்சமயம் ஆரம்ப தசையில் இருக்கிறது என்றும் பதில் சொல்லி, அத்துடன் நில்லாமல் கைப்பேசியை எடுத்து நீட்டி, கம்பெனியின் பக்கத்தை ஃபாலோ செய்யும்படி வினயத்துடன் கேட்டுக்கொள்கிறார். கம்பெனியில் அவரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பது நாகரிகமாகாது.

இந்த வர்க்கத்தாரை அடையாளம் காண்பது கஷ்டமல்ல. கம்பெனிக்குச் சரக்கு வருவதற்கு முன்பே லோகோ வந்துவிடும். லோகோவுக்கும் முன்பே பெயர் வந்துவிடும். பெயரோ எந்தப் பாஷையிலும் அர்த்தமில்லாததாக இருக்கும், ஏனென்றால் அர்த்தமுள்ள பெயர்களையெல்லாம், டாட் காம் என்ற வாலோடு சேர்த்து, யாரோ எப்பொழுதோ பதிவு செய்துகொண்டு போய்விட்டார்கள். தூங்கும்போதும் வருமானம் வரவேண்டும் என்பது இவர்களுடைய மூல மந்திரம். அது சித்தியாவதற்காக இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மறுநாள் வகுப்பில் தூங்குகிறார்கள். அந்தத் தூக்கத்தில் வருமானம் வந்ததாக இதுவரை தகவல் இல்லை. இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று போதிக்கும் பாடம் ஒன்றையும் ஐந்நூறுக்கு ஒரு ரூபாய் குறைந்த விலையில் வாங்கியிருப்பார்கள். இணையத்தில் பணம் பண்ணும் மார்க்கம் அந்தப் பாடத்தை விற்பவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மணப்பாறையில் எங்கள் தெரு ஸ்தாபகரை அவர் அரை டிரவுசர் போட்ட நாள் முதல் எனக்குத் தெரியும். தகப்பனார் முறுக்குப் போட்டு விற்பவர். தாத்தா மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். பையன் திருச்சிக்கு பி.காம். வாசிக்கப் போய், அங்கே மின் வணிகம் என்று ஒரு பாடம் குறுக்கிட்டதிலிருந்து, சாயங்காலங்களில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தாம் கற்றதையெல்லாம் எனக்குப் பிரசங்கம் செய்வது வழக்கமாயிற்று. கேட்பதற்கு வேறு ஆள் அகப்படாததுதான் காரணம். ஆனாலும் பிரசங்கத்தில் விஷயம் இருந்தது.

கலியுகக் கணக்கு, சாலிவாகன சகாப்தம் என்று ஆண்டுக் கணக்குகள் பல இருக்க, நம் ஸ்தாபகருக்கு 1995 ஒன்றே சகாப்தத்தின் தொடக்கம். அந்த வருஷம் ஜூலையில்தான் அமெரிக்காவில் ஜெஃப் பெசோஸ் அமேசான் என்ற புஸ்தகக் கடையை இணையத்தில் திறந்தார். ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியாவின் பொதுஜனங்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. செப்டம்பரில்தான் பியர் ஓமிட்யார், பிற்பாடு ஈபே என்று பிரசித்தி அடைந்த ஏலக் கடையை ஆரம்பித்தார். அதில் முதல் முதலாக விலைபோனது உடைந்துபோன ஒரு லேசர் விளக்கு, விலை 14 டாலர் 83 சென்ட், வாங்கியவரோ அது உடைந்தது என்று தெரிந்தே வாங்கினார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஸ்தாபகரின் கண்களில் ஓர் ஒளி வரும். அதற்கும் முந்திய புராணம் ஒன்று உண்டு: 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் சர்வகலாசாலையில் இருந்த சார்லி கிளைன் என்ற மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றபோது, ஆங்கிலத்தில் அதற்குரிய ஐந்தெழுத்தில் இரண்டு போய்ச் சேர்ந்ததும், எதிர்முனை படுத்துவிட்டது. "ஆரம்பிச்சவரும் ஸ்டூடண்ட்தான் சார். முதல் நாளே படுத்துக்கிச்சு. ரெண்டுமே நமக்குப் பொருந்துது பாருங்க" என்பார். இவ்வளவு உற்சாகத்துடன் தோல்வியை மேற்கோள் காட்டுகிறவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

கம்பெனியின் முதல் முயற்சிக்கு டிராப்ஷிப்பிங் என்று பெயர். சரக்கு நம்மிடம் இராது. வாங்குகிறவர் நமக்குப் பணம் அனுப்புவார். நாம் அதில் நம் பங்கை எடுத்துக்கொண்டு, எங்கோ இருக்கும் மொத்த வியாபாரிக்கு மிச்சத்தை அனுப்பினால், அவர் நேரே வாங்குகிறவர் வீட்டுக்குச் சரக்கை அனுப்பிவிடுவார். கழுத்துப் பிடிப்பை நீக்கும் யந்திரம் ஒன்றை இவ்விதமாக விற்கத் தொடங்கியபோது, கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார். "மாடும் நம்ம மாடு இல்ல, காசும் நம்ம காசு இல்ல, நடுவுல துண்டுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேசி முடிக்கிறது. காலம் பூரா இதத்தானேடா நான் பண்ணேன்? ஆனா நான் மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் பேசுவேன். நீ அந்த மிஷினைக் கண்ணால பாத்தியா?" என்றார். ஸ்தாபகர் பார்க்கவில்லை. யந்திரத்தை வாங்கிய ஒரே ஒருவர், தமக்குக் கழுத்துப் பிடிப்பு வந்ததே அதனால்தான் என்று எழுதிய பிறகு, கம்பெனி தன் கொள்கையை மாற்றிக்கொண்டது.

மாற்றிக்கொண்ட கொள்கை முறுக்கு. வீட்டிலேயே இருக்கும் சரக்கு. அரிசி மாவில் எள்ளும் ஓமமும் சேர்த்துப் பிழிந்து, ஒரு தடவை அரைவேக்காட்டில் எடுத்து ஆறவைத்து, மறுபடியும் எண்ணெயில் போட்டு எடுப்பது. ஊர்ப் பெயரோடு 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தனை பெருமைகளையும் ஒரு புகைப்படத்தில் அடக்குவதற்காக, வாழை இலையில் நான்கு முறுக்கை வைத்து, ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்துக்கு இலையை நகர்த்தி, பித்தளைச் செம்பை ஒரு பக்கம் நிறுத்தி, எண்ணெய்ப் பளபளப்பு போதவில்லை என்று மேலே இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தடவி, ஒரு பகல் முழுவதும் நடந்த பிரயத்தனத்தில், நன்றாக விழுந்த ஒரே படத்தில் தகப்பனாரின் கை ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டிருந்தது. இரவு ஏழரை மணிக்குப் படத்தைப் போட்டால்தான் அல்காரிதம் கடைக்கண் வைக்கும் என்று ஸ்தாபகர் சொன்னார். தாயார் தினசரிக் காலண்டரைப் பார்த்து, நேரத்தில் பழுதில்லை, ஏழரை என்கிற எண்தான் ஆகாது என்றார். இரு சாஸ்திரங்களுக்கும் சமரசமாக, 7.31க்குப் படம் போடப்பட்டது.

மணப்பாறையிலிருந்து மன்ஹாட்டன் வரை என்று கம்பெனியின் பக்கத்தில் எழுதியிருந்தது. ஆனால், வருஷ விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருக்கும் சிறு வியாபாரி, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமல் இணையச் சந்தைகளில் சரக்கு விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1 முதல் இடங்கொடுத்த சட்டம், தன் மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம் என்று ஒரு கோட்டையும் போட்டிருக்கிறது. ஆகவே உலகச் சந்தை ஓசூரோடு முடிந்துபோயிற்று. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று தெரிந்தபோது, லோகோவைச் சற்றுச் சிறிதாக்க நேர்ந்தது. அதுதான் அவரை மிகவும் புண்படுத்தியது.

அமேசான் ஆரம்பித்த நாளில், ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும் ஆபீஸில் ஒரு மணி அடிக்குமாம். சில வாரங்களில் ஓயாமல் அடித்து, தொல்லை தாங்காமல் அதை நிறுத்திவிட்டார்களாம். நம் ஸ்தாபகரும் தம் கைப்பேசியில் ஒரு மணியோசையை ஏற்பாடு செய்தார். முதல் தடவை அது அடித்தபோது, எந்தக் கோயிலில் பூஜை என்று தெரியாமல் தாயார் கையைக் குவித்தார். ஆர்டர் செய்தவர், மாசா மாசம் இலவசமாகவே முறுக்கு வாங்கிக்கொண்டு போகும் துறையூர்ச் சித்தி. ஆனாலும் பிறகு வெளி ஆட்களும் வந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தொல்லை என்று நிறுத்தும் அளவுக்கு இல்லை.

உண்மையான கல்வி இதற்குப் பிறகுதான் தொடங்கியது. முறுக்கு வளைந்து வளைந்து நடுவில் காற்றைக் கட்டிக்கொண்டு இருக்கும் பண்டம். போதாததற்கு, உடையாமல் இருக்க அதைச் சுற்றிக் காகிதமும் திணிக்க வேண்டும். கூரியர்க்காரர்களோ, பார்சலைத் தராசில் வைத்துப் பார்ப்பதோடு விடாமல், நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் கூலி கேட்பார்கள். 30, 25, 20 என்று அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ முறுக்கை வைத்தால், பெருக்கி வந்தது 15,000. வகுத்தால் மூன்று கிலோ. ஒரு கிலோ முறுக்குக்கும் இரண்டு கிலோ ஆகாயத்துக்கும் கூலி கொடுத்து நாகர்கோவிலுக்கு அனுப்புவது என்றாயிற்று. இணையத்தைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களில் எல்லாம் விடுபட்டுப்போன அத்தியாயம் இதுதான். சரக்கைக் காட்டுகிற செலவைத்தான் இணையம் ஒழித்திருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவை அது தொடவே இல்லை. அந்தக் காலத்தில் மணப்பாறை முறுக்குப் பெயரெடுத்தது ரயில் நிலையத்தில். முறுக்கு இருந்த இடத்திலேயே இருந்தது, தின்கிறவர்களை ரயில் அவர்கள் செலவிலேயே கொண்டுவந்து சேர்த்தது. வியாபாரத்துக்கு அதைவிட உத்தமமான ஏற்பாட்டை எந்த எஞ்சினீயரும் இன்னும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பொருள் வந்த பின் காசு கொடுத்தால் போதும் என்று 2010இல் ஃபிளிப்கார்ட் தொடங்கிவைத்த பழக்கம், ஜனங்களுக்குப் பெரிய அனுகூலம். விற்கிறவருக்கு வேறு விதம். ராத்திரி பசியில் ஆர்டர் போட்டவர் பார்சல் வந்து சேரும் நாளில் வீட்டில் இருப்பதில்லை. இருந்தாலும், பசி இருப்பதில்லை. பார்சல் போன வழியே திரும்பி வருகிறது. திரும்பி வரும் கூலியும் கம்பெனி தலையில். நானும் அருகில் இருந்தபோது ஒரு தடவை திரும்பி வந்த பெட்டியைத் திறந்தார்கள். முறுக்கு என்று சொல்லத் தக்கது மேலே ஒன்று, அதுவும் பாதி. மற்றதெல்லாம் விரல் நகம் அளவில் நொறுங்கி, காகிதச் சுருளின் இடுக்குகளில் இறங்கி, பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் படிந்து கிடந்தது. எல்லோரும் நொறுங்கலைப் பார்த்தார்கள். ஸ்தாபகர் மட்டும் உயரத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு அளவுகோலை எடுத்து வந்தார்.

உடைந்த லேசர் விளக்கு அவருக்குச் சும்மா மனப்பாடம் ஆகியிருக்கவில்லை. மறு வாரமே, 'மணப்பாறை நொறுக்ஸ், தயிர் சாதத்துக்குத் தோழன்' என்று புதிய பாக்கெட் வந்தது. அதன் பெருமையை விளக்கி ஒரு பத்தி எழுதித் தரும்படி என்னைக் கேட்டதால், நானும் சிரத்தையாக, முற்றுப்புள்ளிக்கு அவசரப்படாமல் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் மூன்று விநாடிக்குமேல் படிக்கமாட்டார் என்று, அதில் 'மொறுமொறு' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பெட்டியின் அளவு 20, 20, 12, பெருக்கினால் 4,800, ஒரு கிலோ சரக்குக்கு ஒரு கிலோக் கூலி, ஆகாயத்துக்குக் காலணா கிடையாது. இனிமேல் உடைவதற்கும் அதில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை மணி நிஜமாகவே அடிக்கத் தொடங்கி, துறையூர்ச் சித்தியை யாரென்றே தெரியாதவர்களெல்லாம் இரண்டாம் முறை ஆர்டர் செய்தார்கள்.

சிக்கல் ஒன்றுதான். திரும்பி வரும் பார்சல்களில் கிடைக்கும் நொறுங்கல் ஆர்டருக்குப் போதவில்லை. நேற்று அந்த வீட்டுப் பக்கம் போனபோது, தகப்பனார் கூடத்தில் கால்களை நீட்டி உட்கார்ந்து, அப்பொழுதுதான் இரண்டாம் வேக்காடு முடிந்து வந்த முழு முறுக்குகளை முறத்தில் பரப்பி, ஒரு குழவிக்கல்லால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையை நிமிர்த்தினார்.

"இத்தனை வருசமா உடையாம எடுக்கத்தான் சார் கத்துக்கிட்டேன். பெரிசா இருந்தாலும் தப்பாம், பொடியாப் போனாலும் தப்பாம். ஒரு ஸ்டாரைக் குறைச்சுப்புடுவாங்களாம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, இது சரியா உடைஞ்சிருக்கா?"