கேள்வி–பதில்: கீழ்பென்னாத்தூரில் பாட்டு, பெங்களூரில் காது

கே: அப்பா சேர்த்த பாட்டெல்லாம் கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெங்களூரில் இருந்தபடி என் டேப்லெட்டில் கேட்க வழி உண்டா?
– ஐ.டி. ஊழியர், பெங்களூரு

ப: தாராளமாக உண்டு. மூன்று ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, ஊரில் எந்நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரே போதும். இரண்டு, பாட்டுகளை அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்து அனுப்பும் சர்வர் மென்பொருள். நேவிட்ரோம் பாட்டுக்கென்றே எழுதப்பட்டது. ஜெல்லிஃபின் சினிமாவையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். இரண்டுமே இலவசம். மூன்று, வெளியூரிலிருந்து வீட்டுக்குள் நுழையப் பத்திரமான வழி. அதற்கு டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குக் காசு கேட்பதில்லை. டேப்லெட்டில் 'சப்சோனிக்' முறையில் இயங்கும் ஏதாவது ஒரு பாட்டுச் செயலியைப் போட்டுக்கொண்டால் நேவிட்ரோமோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இந்த வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

கே: போனைத் தட்டினால் கோடிப் பாட்டு கொட்டுகிறது. பழைய பீரோவை ஏன் கிளற வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

ப: கோடியில் ஒன்று குறைகிறதே! உங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் முப்பது வருஷத்துக்கு முன்பு நடந்த பாரதக் கூத்து அதில் இருக்கிறதா? நம் மாவட்டத்தில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கூத்தாடிகளுக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து விடிய விடியப் பதிவு செய்தவர்கள் உண்டு. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும், நடுவே ஒரு குழந்தையின் அழுகையும், 'முன்னாடி உட்காருங்கப்பா' என்ற அதட்டலும் அந்த கேசட்டில்தான் இருக்கும். எந்தக் கம்பெனியும் அதை வெளியிடவில்லை, வெளியிடப் போவதுமில்லை.

இன்னொன்று. கூகுள் ப்ளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ, விங்க் என்ற பாட்டுச் செயலிகளும் 2024-இல் கடையைக் கட்டின. உங்கள் வீட்டு பீரோவை மூடும் உரிமை உங்கள் வீட்டாருக்கு மட்டும்தான்.

கே: ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டேன். அப்படியும் வெளியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் சிக்க மாட்டேன் என்கிறது.
– கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், வேட்டவலம்

ப: தப்பு உங்கள் பேரில் இல்லை. பழைய பாணி இன்டர்நெட் முகவரிகளுக்குத் தட்டுப்பாடு. அதனால் பல இன்டர்நெட் நிறுவனங்கள் நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்துவிடுகின்றன. ஒரே கதவு எண்ணில் இருபது குடித்தனம் என்று வையுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். தபால்காரர் வந்தால் எந்தக் குடித்தனத்தைக் கூப்பிடுவார்? ரவுட்டரின் வெளிப்புற (WAN) முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் ஆரம்பித்தால் நீங்கள் அப்படிப்பட்ட வீட்டில்தான் குடியிருக்கிறீர்கள்.

டெயில்ஸ்கேலில் வீட்டுக் கம்ப்யூட்டரும் டேப்லெட்டும் தாமே வெளியே வந்து ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். இடையில் போகும் தகவல் ஒயர்கார்டு முறையில் பூட்டப்பட்டிருக்கும். எனவே திறந்த போர்ட்டை இன்றைக்கே மூடிவிடுங்கள். திறந்த கதவைத் தேடி ராத்திரி பகலாக இன்டர்நெட்டில் அலையும் கூட்டம் பெரிது.

கே: டேட்டா தீர்ந்துவிடாதா?
– பள்ளி ஆசிரியை, அவலூர்பேட்டை

ப: 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 58 எம்.பி. ஆகும். தினம் 1.5 ஜி.பி. கிடைக்கும் திட்டத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் கேட்டாலும் மிச்சம் இருக்கும். சி.டி. தரத்தில், ஒலி குறையாத ஃப்ளாக் கோப்பாகவே கேட்டால் மணிக்கு 300 முதல் 400 எம்.பி. வரை போகும். வீட்டில் ஃப்ளாக்காக வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும்போது மட்டும் சுருக்கி அனுப்பும்படி நேவிட்ரோமில் அமைத்துவிடலாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் பயணம் என்றால், கிளம்பும் முன்பே வைஃபையில் பத்து ஆல்பத்தை டேப்லெட்டில் இறக்கிக்கொள்ளுங்கள்.

கே: இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில்?
– விவசாயி, கீழ்பென்னாத்தூர்

ப: கணக்குப் போட்டுவிடுவோம். ஐந்து வாட் இழுக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அறுபது நாளுக்கு 7.2 யூனிட். அறுபது வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே அறுபது நாளுக்கு 86 யூனிட். இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே விழுங்கிவிடும். சின்னதையே வாங்குங்கள். அதையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது.

கே: கேசட்டை எப்படிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது?
– ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், செஞ்சி

ப: பொறுமையாக. 90 நிமிட கேசட்டுக்கு 90 நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. பல வருஷம் சும்மா கிடந்த கேசட்டை எடுத்த எடுப்பில் ப்ளே போடாதீர்கள். ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றினால் ஒட்டியிருக்கும் நாடா இளகும். பிளேயரின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பாக வருவது பழைய நாடாக்கள் உதிர்த்த துகள். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோதான் என்பதால், ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து, ஃப்ளாக்காகச் சேமியுங்கள். பெயர், ஊர், வருஷம், யார் ஆடிய கூத்து என்பதை யூனிகோட் தமிழில் அப்போதே எழுதிவிடுங்கள். பழைய எழுத்துருவில் எழுதியது டேப்லெட்டில் கிறுக்கலாகத்தான் தெரியும்.

கே: இதெல்லாம் சட்டப்படி சரியா?
– வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், திருவண்ணாமலை

ப: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. உங்கள் கேசட்டை நீங்கள் கேட்பது வேறு, கடவுச்சொல்லை ஊர் முழுக்கக் கொடுப்பது வேறு.

கே: கடைசியாக ஒரே ஒரு அறிவுரை சொல்லுங்கள்.
– பல வாசகர்கள்

ப: எதையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைக்காதீர்கள். ஒரு பிரதி ஊரில், இன்னொன்று உங்களோடு. கடையில் வாங்கிய கேசட்டை விட்டுவிட்டு, வீட்டில் பதிவு செய்ததிலிருந்து ஆரம்பியுங்கள். சினிமாப் பாட்டுக்கு வேறு பிரதிகள் உண்டு, கூத்து கேசட்டுக்கு இல்லை. நாடா வருஷா வருஷம் கெட்டுக்கொண்டே வருகிறது. கேசட்டில் இருக்கும் குரல் யாருடையது என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த மாதமே முதல் கேசட்டை ஏற்றுங்கள்.