நாயக்காரர்

கொங்கு நாட்டில் 'நாயம்' என்றால் வெறும் பேச்சு. நியாயம் தேய்ந்துதான் நாயம் ஆனது என்பார்கள். தேய்ந்ததில் நீதி, தர்மம் எல்லாம் உதிர்ந்துபோய், "ஒறம்பரை வந்திருந்தாங்க, நாயம் பேசிட்டு இருந்தோம்" என்கிற அளவில் நிற்கிறது. வெங்காய விலையும் நாயம்தான், யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை என்பதும் நாயம்தான். ஆனால் அன்னூர்ப் பக்கத்துப் பேக்கரிகளில் கடைக்கு ஒருவராவது அந்தச் சொல்லின் பழைய பொருளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதுவும் விளையாட்டில், புள்ளிப் பட்டியலில், கடைசி இடம் யாருக்கு என்கிற ஒரே ஒரு இடத்தில்.

சத்தி ரோட்டோரப் பேக்கரியில் எனக்கு வாய்த்த நாயக்காரருக்கு அறுபது இருக்கும். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, காலிக் கேன் கடகடக்க எக்ஸெல்லில் வந்து இறங்குவார். தோளில் துண்டு, சட்டைப் பையில் பேனா, பேனாவுக்குப் பின்னால் பால் அளவுச் சீட்டுகள். சீட்டின் முன்பக்கத்தில் கொழுப்பும் எஸ்.என்.எப்.பும் இருக்கும். பின்பக்கத்தில் கிரிக்கெட் நெட் ரன்ரேட். இரண்டையும் அவர் ஒரே மாதிரியான சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"ஏனுங் தம்பி, பத்து பேரும் பதினஞ்சு ஓவருல சுருண்டுட்டாங்கன்னு வெச்சுக்கங்க. கணக்குல எத்தனை ஓவருன்னு போடுவான்? இருவது! பதினஞ்சு நாள் காட்டு வேலைக்கு வந்தவன் கூலிய இருவது நாளால வகுத்துப் போட்டா, அவன் மறுநாள் வருவானுங்களா?"

வரமாட்டான்தான். நான் அப்படிச் சொல்லித் தொலைத்ததால் அன்றைக்கு எனக்கு இன்னொரு டீயும், ஒரு தேங்காய் பன்னும், 2024-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதியும் கிடைத்தன.

அந்தத் தேதியை அவர் வீட்டுத் துக்கம்போல வைத்திருக்கிறார். பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக ஆர்சிபி 218 அடித்தது. சென்னை ஜெயிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 201 எடுத்தால் தோற்றும் பிளே ஆஃப் போகலாம். "தோத்துட்டும் ஜெயிக்கலாமுங்க. இந்த வசதி எம்பட காலத்துல பரீச்சையில இல்லையே!" கடைசி ஓவரில் வேண்டியது 17. முதல் பந்தை தோனி 110 மீட்டர் தூக்கி வெளியே அனுப்பினார். அடுத்த பந்தில் அவுட். மிச்சமிருந்த நான்கு பந்துகளில் வந்தது ஒரே ஒரு ரன். நாயக்காரரின் வழக்கு தொடங்குவதே அந்த ஆறு ரன்னில்தான். பந்து மைதானத்தைத் தாண்டிப் போனதால் வேறு பந்து கொடுத்தார்கள். நனைந்த பந்து போய்க் காய்ந்த பந்து வந்தது, அந்த ஓவரைப் போட்ட யாஷ் தயாளின் பிடிக்கு வாகாக.

"நல்லா அடிச்சதுக்குத் தண்டனைங்க அது. மெதுவா அடிச்சிருந்தா ஈரப் பந்தே இருந்திருக்கும்."

இரண்டு அணிக்கும் 14 புள்ளி. ஒருவரை ஒருவர் ஆளுக்கு ஒரு முறை ஜெயித்திருக்கிறார்கள். பிறகு 0.459, 0.392 என்று மூன்று தசம தானம் வரைக்கும் இறங்கிப் பார்த்துச் சென்னையை வீட்டுக்கு அனுப்பினார்கள். "தங்கம் நிறுக்கறவன் கூட இவ்வளவு பார்க்க மாட்டானுங்க" என்பார். முதல் எட்டு ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த ஆர்சிபி, அப்புறம் வரிசையாக ஆறு ஜெயித்து வந்ததை யாராவது சொன்னால், "அதையும் ஒத்துக்கறனுங்க, நான் கச்சிக்காரன் இல்லை" என்று துண்டை உதறிக்கொள்வார். இது நிஜம். 2018 கால்பந்து உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் எல்லாம் சமமாக நிற்க, மஞ்சள் அட்டை இரண்டு அதிகம் வாங்கிய செனகலை ஊருக்கு அனுப்பியதற்கும் அவர் அதே அளவு வருந்துகிறார். செனகல் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பது அவருக்கு முக்கியமில்லை. வெளியே நிற்கிறவன் எவனோ, அவனுக்கு இவர் வக்கீல். அத்திக்கடவு திட்டத் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு என்று அறிவிப்பு வந்தபோது ஊரே மகிழ்ந்தது. 1,046-ஆவது குட்டையைப் பற்றி யோசித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அமெரிக்காவில் தங்கச்சி மகன் இருக்கிறான். அவன் போனில் சொன்ன கதை, நாயக்காரருக்கு அகப்பட்ட புதையல். "கையில தூக்கிட்டுதான் ஓடுவாங்களாமுங்க, பேரு மட்டும் ஃபுட்பாலாமா. அது கெடக்குது." அங்கே கல்லூரி அணிகளில் அப்போது கடைசி நான்கைப் பொறுக்கியது புள்ளிப் பட்டியல் அல்ல, 13 பேர் உட்கார்ந்த ஒரு கமிட்டி. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 13-ஐயும் ஜெயித்தது. கமிட்டி அதை ஐந்தாவதாக வைத்து, ஓர் ஆட்டம் தோற்ற அலபாமாவை உள்ளே எடுத்தது. காரணம், ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முக்கிய ஆட்டக்காரருக்குக் காலில் அடி. இனி அவர்கள் பழையபடி ஆட மாட்டார்களாம்.

"மாட்டுக்குக் கால் ஒடிஞ்சா சந்தையில வெலைய இறக்குவாங்க, சரி. அதுக்குன்னு அது இத்தனை நாளாக் கறந்த பாலும் இல்லைன்னு ஆயிருமுங்களா?"

பேக்கரியே வாயடைத்தது. பக்கத்து மேசையில் போனை நோண்டிக்கொண்டிருந்த பையன் மட்டும், "அதுக்கப்புறம் ஜார்ஜியாகூட ஆடி 63-3னு தோத்துட்டாங்களாட்ட இருக்குதுங்களே" என்றான். நாயக்காரர் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "மனசொடிஞ்சவன் எப்படி கண்ணு ஆடுவான்? பாதிப் பேரு வரவே இல்லையாமா." அடுத்த ஆண்டிலிருந்து நான்குக்குப் பதில் 12 அணி என்று மாற்றிவிட்டார்கள் என்றதும் அவர் முகம் மலரவில்லை. பதிமூன்றாவது அணிக்காக அப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

அவர் குரல் தாழ்வது ஒரே ஒரு வழக்கில்தான். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். பேரில் சென்னை, ஆடுவது கோவையில் என்றிருந்த சென்னை சிட்டி அணிக்கு ஐ-லீக் கால்பந்தின் கடைசி ஆட்டம். இவர் காந்திபுரத்துக்கு பஸ் பிடித்து நேரில் போயிருந்தார். மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டது. பிறகு சென்னை சிட்டி மூன்று போட்டு ஜெயித்தது. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. தேசிய சாம்பியன். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று ஆகிவிட்டது. ஐ-லீக் அதற்குக் கீழே.

"மொத ரேங்க் வாங்கின பையனைக் கூப்பிட்டு, தம்பி, இனிமே பக்கத்து ரூமுதான் பத்தாவது, உம்பட ரூமு ஒம்பதாவதுன்னு சொன்னா எப்படிங் இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

இப்படிப்பட்டவரிடம் பொங்கலுக்கு ஊர் வாலிபால் டோர்னமென்ட்டை ஒப்படைக்காமல் வேறு யாரிடம் ஒப்படைப்பார்கள்? ஏழு டீம் வந்திருந்தது. ஏழு என்றால் ஒரு டீமுக்கு பை விழும். முதல் சுற்றை ஆடாமலே அரையிறுதி. பால் போசியில் ஏழு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். எடுத்துக் கொடுத்தவர் நாயக்காரர். பை விழுந்தது எங்கள் ஊருக்கு. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆறு சீட்டு நான்காக மடித்திருந்தது. ஒன்று பீடி மாதிரி சுருட்டியிருந்தது. கோப்பையும் எங்கள் ஊருக்கே வந்தது.

மறுநாள் காலை பேக்கரிக்குத் தோற்ற ஊர்ப் பையன் ஒருவன் வந்தான். இருபது வயது இருக்கும், முழங்கையில் சிராய்ப்பு.

"ஏனுங் மாமா, நாங்க ரெண்டு மேட்ச் ஆடி ஃபைனல் வந்தமுங்க. அவிங்க ஒரே மேட்ச்தான். எங்களுக்குக் காலே தூக்க முடியலீங்க. இது எந்த ஊர் நாயமுங்க?"

நாயக்காரர் பேனாவை எடுத்தார். பால் சீட்டைத் திருப்பிப் போட்டு ஏழு கோடு கிழித்தார். லீக் முறையில் வைத்திருந்தால் எத்தனை ஆட்டம், யாருக்கு எவ்வளவு ஓய்வு என்று ஐந்து நிமிடம் கணக்குப் போட்டார். அப்புறம் பையனைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி கண்ணு. ஒனக்கு அநியாயம்தான் நடந்திருக்குது" என்றார். குரலில் கொஞ்சம்கூடக் கலப்படம் இல்லை. "இந்தக் கமிட்டிக்காரனுகளே இப்படித்தான். எங்கயும் ஒருத்தனும் யோக்கியமில்லை. மாஸ்டரே, தம்பிக்கு ஒரு டீ போடுங்க."