10 நாள் பேருக்கு ஒரு பாஸ்வேர்ட்

காசு கட்டி ஒன்லைன் கோர்ஸ் வாங்கலாமா, வேண்டாமா? பதுளை மாவட்டத்துப் பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களிலும் இப்போது இதைப் பேசிக்கொள்கிறார்கள். நல்ல முன்னேற்றம். இவர்களுடைய தாத்தாமார் காலத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேவையா என்பதைத் துரைமாரே யோசித்துக் கொடுத்துவிட்டார்கள். 1945-இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பதுளை டவுன் வரைக்கும் வந்தது. அங்கிருந்து தோட்டத்து ரோட்டில் ஏறி வர அதற்கு வழி தெரியவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்பதற்கு 1970கள் வரை ஆனது. ஒன்லைன் கோர்ஸ் விற்பவனோ விளம்பரம் போட்ட அன்றைக்கே லயத்து வாசலுக்கு வந்துவிடுகிறான். சுறுசுறுப்பு என்றால் இதுவல்லவா!

விலையைப் பார்ப்போம். கோர்செரா என்ற அமெரிக்கத் தளத்தின் முழுச் சந்தா மாதம் 59 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 17,700. 2026-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த நாட்சம்பளம் 1750 ரூபாய். அதில் 200 ரூபாய் நாள் தவறாமல் வேலைக்கு வந்தால் அரசு தரும் ஊக்கத்தொகை. ஆக, கிட்டத்தட்ட 10 நாள் பேர், அதாவது 10 முழு நாட்சம்பளம், விழுந்தால் ஒரு மாதத்துக்கு ஒரு பாஸ்வேர்ட். நாளைக்கு 18 கிலோ என்றால் 180 கிலோ கொழுந்து. மழை, அட்டை, குளவிக்கொட்டு எல்லாம் இதில் இலவசம்.

உள்ளூர்த் தமிழ் ஸூம் வகுப்புகள் இவ்வளவு விலையில்லை, ஒரு பாடம் இரண்டு நாள் பேரோடு முடிந்துவிடும் என்பார்கள். அதைக் கட்டுகிற விதத்தைப் பாருங்கள். 10-ஆந் திகதி சம்பளம் வந்ததும் அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறுவார். வங்கியில் வரிசையில் நின்று, சிலிப்பில் பிள்ளையின் பெயரையும் பாடத்தையும் எழுதுவித்து, காசைக் கட்டுவார். அந்தச் சிலிப்பைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். ஃபோன் கண்ணாடி ஏற்கனவே வெடித்தது. படம் மங்கலாக விழும். "கிளியராக அனுப்பவும்" என்று பதில் வரும். கிளியராகும் வரைக்கும் லிங்க் கிடையாது. சொன்ன திகதிக்குள் சிலிப் போகாவிட்டால் பிள்ளையை குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். பிரட்டுக்குப் பிந்தி வந்தவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய பழைய கங்காணியாவது முகத்தைப் பார்த்துத் திட்டினார். இங்கே "ரிமூவ்ட்" என்று ஒரே ஒரு வரி.

சரி, லிங்க் வந்தது. இனி சிக்னல் வர வேண்டும். 2021-இல் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மலை உச்சியில் ஒரு மரத்தில் கட்டிய பரணில் ஏறிப் பாடம் படித்ததை வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன. பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்தது. "என்ன ஒரு ஆர்வம்!" பிள்ளை மரத்தில் ஏறினால் அது ஆர்வம். அந்த மலைக்கு ஏன் இன்னும் கோபுரம் வரவில்லை என்று தகப்பன் கேட்டால் அது அரசியல். அன்றைக்கு ஏறியதாவது பாடசாலையின் இலவசப் பாடத்துக்கு. இனிமேல் காசையும் கட்டிவிட்டு ஏற வேண்டும்.

இந்த வியாபாரத்தின் பெரியண்ணன்மார் இந்தியாவில் இருந்தார்கள். பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுப்பதாக வந்த வைட்ஹாட் ஜூனியர், வுல்ஃப் குப்தா என்றொரு பையனைக் காட்டியது. கோர்ஸ் படித்தான், கூகுளில் வேலை கிடைத்தது, சம்பளம் கோடிகளில். விளம்பரத்துக்கு விளம்பரம் பையனின் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. மாறாதது ஒன்றுதான்: அப்படி ஒரு பையனே பிறக்கவில்லை. 2020-இல் விளம்பரத் தர நிர்ணயச் சபை தலையிட்ட பிறகு சில விளம்பரங்களை எடுத்தார்கள். அதே ஆண்டு அந்தக் கம்பெனியை 30 கோடி டொலருக்கு வாங்கிய பைஜூஸ், 2022 உலகக் கிண்ணக் கால்பந்துக்கு அனுசரணை கொடுத்தது, மெஸ்ஸியைத் தூதுவராக்கியது. 2,200 கோடி டொலர் பெறுமதி என்று புகழப்பட்ட அந்தக் கம்பெனி 2024 ஜூலையில் வங்குரோத்து வழக்கில் போய் நின்றது. கடன் வாங்கிச் சந்தா கட்டிய பெற்றோருக்கு மெஸ்ஸி வந்து பதில் சொல்லவில்லை.

ஒன்லைன் படிப்பு யாருக்கு ஏறுகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய கோர்ஸ்களைப் பற்றி 2019-இல் சயன்ஸ் இதழில் வந்தது. 2017–18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 100-க்கு ஏறக்குறைய 3 பேர். காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களில் 100-க்கு 46 பேர். விற்பவன் இரண்டாவது எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடுவான். காசு கட்டினால் படிப்பு ஏறும், பார்த்தீர்களா என்பான். சேருகிறவர்களின் வளர்ச்சி கிட்டத்தட்ட முழுதும் பணக்கார நாடுகளில்தான் என்று அதே ஆய்வு சொல்வதை விட்டுவிடுவான். மேசையும் மின்விசிறியும் ஆங்கிலமும் உள்ளவர்களிலேயே காசு கட்டிய 54 பேர் பாதியில் விட்டார்கள். லயத்துக் காம்பராவில், தம்பி தூங்கிய பிறகு ஃபோனைக் கையில் எடுக்கிற பிள்ளைக்கு இவர்கள் எந்த எண்ணைத் தருவார்கள்?

காணொளிக்கு இங்கே பஞ்சம் இல்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன, காசு இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் நிரலெழுதும் கோர்ஸை இலவசமாகவே தருகிறது. யூடியூபில் உயர்தரப் பௌதிகவியலைத் தமிழில் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு இல்லாதது வேறு. கணக்கு மூன்றாவது வரியில் பிழைத்ததைக் கொப்பியைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் தமிழில் ஆசிரியர் இருக்கும் பாடசாலையைத் தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் ஊர் விட்டு ஊர் போகிறார்கள். போக முடியாத பிள்ளை கலைப் பிரிவை "விரும்பித் தேர்ந்தெடுக்கிறது".

அரசாங்கம் இதை அறியாதது அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்காகக் கல்வியில் பின்தங்கியவை என்று அதுவே பட்டியல் போட்ட 16 மாவட்டங்களில் பதுளையும் உண்டு, மொனராகலையும் உண்டு. ஊவா மாகாணம் முழுவதும் அவ்வளவுதான். தன் கையால் எழுதி வைத்திருக்கிறது. பதுளையில் பசறை வீதியிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் நிற்கிறது. தோட்டத்துச் சனங்கள் பஸ் யன்னலால் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டு போய் வருகிறார்கள்.

மலையகத்துக்கு ஆசிரியர் போட்ட கதையையும் சொல்ல வேண்டும். 2015-ஐ ஒட்டி 3000-க்கு மேற்பட்ட நம் பிள்ளைகளை "ஆசிரிய உதவியாளர்" என்று நியமித்தார்கள். வேலை முழு ஆசிரியருடையது, கொடுப்பனவு மாதம் 6000 ரூபாய். அன்றைய விலையில் அது 50 டொலரைக்கூடத் தொடாது. மழையில் மலையேறிப் போய் நாள் முழுக்க வகுப்பில் நின்று, கொப்பி திருத்தி, வராத பிள்ளையை வீடு தேடிப்போய்க் கூட்டிவந்த உயிருள்ள ஆசிரியரின் ஒரு மாதம், ஒரு பாஸ்வேர்டின் ஒரு மாதத்தை விட மலிவு! இப்படிப்பட்ட சரக்கை மலிவாக வைத்திருந்தும் வாங்கிப் போட மனமில்லாதவர்கள்தான் மேடையேறி "டிஜிட்டல் கல்விப் புரட்சி" என்கிறார்கள். கோர்ஸ் கம்பெனிகள் விளம்பரத்துக்கு ஏன் செலவழிக்கின்றனவோ தெரியவில்லை. ஆசிரியர் இல்லாமல் பூட்டிய விஞ்ஞான கூடம் ஒன்று போதாதா?

இதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள். என் பிள்ளை எழுதிய விடையை யார் பார்ப்பார், எத்தனை நாளில் திருத்தித் தருவார்? ஆளின் பெயரைச் சொன்னால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். "24 மணிநேரமும் ரெக்கோர்டிங் பார்க்கலாம்" என்று சொன்னால் ஃபோனை வையுங்கள். இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் 80 சதவீதம் கழிவு என்பார். தோட்டை அடகு வைக்க ஓட வேண்டாம். அந்தக் கழிவு நாளைக்கும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். பௌதிகவியல் ஆசிரியர் வெற்றிடம் அதுவரைக்கும் அப்படியே இருக்கும் என்பது கல்வி அமைச்சைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.