ரிஜெக்ட் அண்ணன்

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரகடம், வல்லம், மாத்தூர் என்று ஷிஃப்ட்காரர்கள் தங்கும் எந்த ரூமுக்குள் நுழைந்தாலும் ஒரு ரிஜெக்ட் அண்ணன் இருப்பார். பகலில் ஏதாவது உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி. ராத்திரியில் டிவிடி ரிப்பிங். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. சம்பளம்தான் ஒன்றுக்கு மட்டும் வருகிறது.

மோசர் பேர் கம்பெனி 34 ரூபாய்க்கு டிவிடி விற்ற காலத்தில் வாங்கிக் குவித்ததெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கடியில் இருக்கிறது. திருட்டு டிவிடியைத் தொடமாட்டார். சட்டத்துக்குப் பயந்தெல்லாம் இல்லை. ஒரே டிஸ்க்கில் நாலு படத்தைத் திணித்தால் பிட்ரேட் என்னத்துக்கு ஆகும்?

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த டிரெய்னிப் பையன் ஒருவன் தொழில் கற்க வந்து மாட்டினான்.

"சி.ஆர்.எஃப். எவ்வளவு வெச்ச?"

"இருபத்தெட்டுண்ணா. பதினெட்டை விடப் பெருசுதானே?"

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். x264 என்கோடரில் அந்த எண் 0 முதல் 51 வரை. குறையக் குறையத்தான் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். "டாலரன்ஸ் பெருசா இருந்தா நல்ல பீஸாடா?" என்றார். பையனுக்கு உடனே புரிந்தது. பாடம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

சண்டைக் காட்சியை நிறுத்தி, திரையில் மூக்கு உரசக் குனிந்தார். "கையோரத்துல பாரு, சீப்புப் பல்லு." பாதிப் பாதியாய்ப் பதிந்த இரண்டு படங்கள் ஒன்றாகத் தெரிவதால் வரும் கோடு அது. டீஇன்டர்லேஸ் போட்டால் போய்விடும். கோடே இல்லாத டிஸ்க்குக்கும் போட்டால் படம் மழுங்கிவிடும், அதுவும் ரிஜெக்ட். 720க்கு 576 படத்தை விகிதம் பார்க்காமல் விட்டு எம்.ஜி.ஆர். இளைத்தால் ரிஜெக்ட். அகல டிவிக்கு இழுத்துப் பெருத்தாலும் ரிஜெக்ட்.

"24 ஃபிரேம் படத்தை PAL டிஸ்க்குல 25ல ஓட்டுறான். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிடும். டி.எம்.எஸ். குரல் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிடும்."

"சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானேண்ணா, காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்றது பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல்.

திருக்கோட்டியூர் கோபுரமேறி மந்திரத்தை ஊருக்கே சொன்ன ராமானுஜர் பிறந்தது இதே ஸ்ரீபெரும்புதூரில்தான். அண்ணனும் செட்டிங்ஸை ஒளிப்பதில்லை. கம்பெனி பஸ்ஸில், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

ஆனால் எந்தப் படத்தையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. லாட்டில் சாம்பிள் எடுப்பதுபோல முதலில் ஒரு நிமிஷம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. "கிளைமாக்ஸ்ல யாருண்ணா சாகறா?" என்று கேட்டால், "தெரியலடா. இருட்டு சீன்தான், ஆனா கட்டம் கட்டமா உடையவே இல்ல" என்பார்.

ஹவுஸ் ஓனர் அம்மா ஒருநாள் பழைய படம் ஒன்று கேட்டார். அண்ணன் ராத்திரியெல்லாம் லேப்டாப்பைக் கொதிக்கவிட்டு, 10 பிட் x265-இல் பதமாக இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"ஏம்பா, படத்தோட பேரு மட்டும்தான் வருது. படம் வரல."

அண்ணன் டிவியை முன்னும் பின்னும் பார்த்தார். "டிவி ரிஜெக்ட்மா."

"அப்படியா? நீயே நல்லதாப் பார்த்து ஒண்ணு வாங்கிட்டு வா. உன் அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்."