பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டவை

கேள்வி: பகலெல்லாம் பரம சாதுவாக இருக்கும் என் கடைவாய்ப்பல், ராத்திரி படுத்தால் மட்டும் ருத்ர தாண்டவம் ஆடுகிறதே, ஏன்?
– ராக்கோழி, ஈரோடு

பதில்: பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் பின்னிக்கிடக்கும் பல்கூழ் இருக்கிறது. சொத்தை அதை எட்டியதும் அது வீங்கப் பார்க்கும். கை வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லின் சுவரோ மயிரிழைகூட நகராது. ஒற்றை அறை வாடகை வீட்டில் கல்யாணத்துக்கு வந்த சொந்தம் மொத்தமும் தங்கியது மாதிரி. நெரிசல் அத்தனையும் நரம்பின் தலையில் விடிகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய, நெரிசலும் கூடுகிறது. தவிர, பகலில் உங்களுக்கு மேனேஜர் இருக்கிறார். வேறு வலி தெரியாது. இன்றிரவு இன்னொரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் பல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் “பல் வலிக்கு ஏதாவது கொடுங்க” என்றால், அட்டையில் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுக்கிறார். கேட்டது போலவே வலி நிற்கிறது. பத்து நாளாக அதில்தான் ஓடுகிறது. தொடரலாமா?
– நம்பிக்கை நட்சத்திரம், விருதுநகர்

பதில்: பெயரும் காலாவதி தேதியும் அட்டையின் மற்ற பாதியோடு கடையிலேயே தங்கிவிட்டன, கவனித்தீர்களா? முதலில் பெயரைக் கேளுங்கள். அது கெட்டோரோலாக்காக இருந்தால், மொத்தமே ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாத மருந்து. வலியை அடக்குவதில் சூரன். அளவு மீறினால் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாக்குவதிலும் சூரன். டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மாத்திரையைச் சில்லறைக்குச் சாக்லேட் வாங்குவது போல வாங்காதீர்கள். பத்து நாளாக ஒரு பல் வலிக்கிறது என்றால் அதற்கு வேண்டியது பதினோராவது நாள் மாத்திரை அல்ல.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் போடுவது?
– குழம்பியவர், குளித்தலை

பதில்: ஆரோக்கியமான பெரியவர் என்றால், சாப்பிட்ட பிறகு ஐபுபுரூஃபென் 400 மில்லிகிராம், தேவைப்பட்டால் கூடவே பாராசிட்டமால் 500. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் திடீர்ப் பல் வலிக்கு இந்த வரிசையைத்தான் முதலில் வைக்கிறது; ஓபியாய்டு வகை போதை மருந்துகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. காரணம் எளிது. அடிபட்ட திசு புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. வீக்கத்தையும் வலியையும் கூட்டிவிடுவது அதுதான். ஐபுபுரூஃபென் அந்தச் சுரப்பையே அடைக்கிறது. இந்த வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசும் வாங்கினார். ஐபுபுரூஃபெனைக் கண்டுபிடித்த ஸ்டூவர்ட் ஆடம்ஸோ, மாஸ்கோவில் மேடையேறும் முன் முந்தைய இரவின் மது கொடுத்த தலைவலிக்குத் தன் மருந்தைத் தானே விழுங்கிப் பார்த்தவர்!

ஒரு எச்சரிக்கை: எல்லா வகையிலும் சேர்த்து பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. ஜலதோஷ மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். கல்லீரல் கணக்குப் பிசகாது.

கேள்வி: அமாக்சிசிலின் இரண்டு வேளை போட்டதும் எனக்கு வலி நின்றுவிட்டது. நீங்கள் மட்டும் ஆன்டிபயாடிக் பற்றி வாயே திறக்கவில்லையே?
– அனுபவசாலி, ஆம்பூர்

பதில்: கூடவே ஒரு வலி மாத்திரையும் போட்டிருப்பீர்களே? வேலை அதனுடையது, பெயர் இதற்கு. இல்லையென்றால் உள்ளே நரம்பு செத்திருக்கலாம், செத்தது அழாது. செத்த கூழுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு ஆன்டிபயாடிக்கும் போகாது. கூழ் அழற்சி வலிக்கு அது மருந்தே அல்ல. காய்ச்சல், முகத்தில் பரவும் வீக்கம் இருந்தால் டாக்டரே எழுதித் தருவார். வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் பத்திரிகைக்குக் கேள்வி எழுதாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: ஆஸ்பிரினைப் பொடித்துச் சொத்தையில் வைக்கலாமா? கிராம்பு எண்ணெய்?
– பாட்டி வைத்தியப் பேத்தி, காரைக்குடி

பதில்: ஆஸ்பிரின் வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்தால்தான் வேலை செய்யும். ஈறில் வைத்தால் அந்த அமிலம் சதையைப் பொசுக்கி வெள்ளையாக்கும். பல் வலியோடு புண் வலியும் சேரும். கிராம்பில் பாட்டிக்கு முழு மதிப்பெண். அதிலுள்ள யூஜினால் நிஜமாகவே மரக்க வைக்கும். பல் டாக்டர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைக்கிறார்கள். பஞ்சில் ஒரு சொட்டு போதும். பாட்டிலைக் கவிழ்த்தால் அதுவும் சுடும்.

கேள்வி: ஊசி போட்டும் பல் மரத்துப்போகவில்லை. மருந்து டூப்ளிகேட்டா?
– அலறியவர், அரக்கோணம்

பதில்: பாவம், மருந்தைச் சந்தேகிக்காதீர்கள். ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் 1943இல் உருவாக்கிய லிடோகெய்ன் இன்றும் உலகெங்கும் உழைக்கிறது. ஆனால் அழற்சி கண்ட திசு அமிலத்தன்மை ஏறிக் கிடக்கும். அந்தச் சூழலில் மருந்து பெரும்பாலும் மின்னேற்றத்தோடு நிற்கும். நரம்பின் உறைக்குள் நுழைய முடியாது. அதனால்தான் டாக்டர் ஊசியை வேறு இடத்தில் போட்டுப் பார்க்கிறார். சிலர் ஒரு மணி நேரம் முன்பே ஐபுபுரூஃபென் கொடுக்கிறார்கள். வலி முற்றும்வரை காத்திருந்து போனது யார் குற்றம் என்று நான் சொல்லவில்லை.

கேள்வி: பல் பிடுங்கிய பின் ‘வீக்க மாத்திரை’ என்று ஒன்று தருகிறார்களே?
– கன்னம் உப்பியவர், கடலூர்

பதில்: அநேகமாக அதில் செரேஷியோபெப்டிடேஸ் இருக்கும். பட்டுப்புழுவின் குடலில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்த நொதி. கதை பட்டு போல; ஆதாரம்தான் நூல் போல. பலன் நிரூபணமாகாததால் ஜப்பானில் 2011இல் அதைத் தயாரித்த நிறுவனமே விலக்கிக்கொண்டது. முதல் நாள் கன்னத்தில் வெளியிலிருந்து ஐஸ் ஒற்றடம் கொடுங்கள். வலி மாத்திரையை மரப்பு தெளியும் முன்பே போடுங்கள். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டுத் தானே வடியும்.

கேள்வி: மாமியாருக்கு பி.பி., கிட்னி தொந்தரவு இரண்டும் உண்டு. என் பல் வலி மாத்திரையையே அவருக்கும் தரலாமா?
– நல்ல மருமகள், நாமக்கல்

பதில்: உறவு நீடிக்க வேண்டுமானால் வேண்டாம். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் வகை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், பி.பி. மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதனால்தான் 2006இல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. வயிற்றுப் புண், ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமைக்கான மருந்து, டெங்கு சந்தேகம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: வலி சுத்தமாகப் போய்விட்டது. நாளைய அப்பாயின்ட்மென்டை ரத்து செய்யலாமா?
– சிக்கனம், சிவகாசி

பதில்: தாராளமாக. மாத்திரை வீக்கத்தைத்தான் தணித்தது, சொத்தை அப்படியே இருக்கிறது. அது அடுத்த அப்பாயின்ட்மென்டைத் தானே கொடுக்கும்: ஞாயிற்றுக்கிழமை, நள்ளிரவு இரண்டு மணி, எல்லா கிளினிக்கும் பூட்டியிருக்கும் நேரமாகப் பார்த்து.