காதுகுத்து முதல் கண்மாய் வரை

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்தைக் கடந்து திருமங்கலம் செல்லும் சாலையில், ஒன்றாவது ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் எனப் பேருந்து நிறுத்தங்களை எண்ணியே விலாசம் சொல்லும் வழக்கமுடைய திருநகர், 2011இல் பேரூராட்சி என்னும் நிலை நீங்கி மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. ஆயினும் 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையின்படி அது திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதியோடு சேர்ந்து விருதுநகர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குகிறது. இவ்வாறு சொத்து வரியை மதுரைக்கும் வாக்கை விருதுநகருக்கும் செலுத்தும் குடிமக்கள் வாழும் இடமாதலால், நாடாளுமன்ற வேட்பாளர் எனப்படும் மனித வகையின் இயல்புகளை ஆராய விரும்புவோருக்கு இதைவிட வாய்ப்பான களம் அமைவது கடினம்.

வேட்பாளர் யார் என்பதில் சட்டத்துக்கும் ஊருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. வேட்புமனு அளித்து முறைப்படி களத்தில் நிற்பவரே வேட்பாளர் என்பது சட்டத்தின் நிலைப்பாடு. அழைப்பிதழ் கொடுத்த வீட்டுக்கும் கொடுக்க மறந்த வீட்டுக்கும் வேறுபாடு பாராமல் ஒருவர் வந்து நிற்கத் தொடங்கிய நாளிலிருந்தே அவர் வேட்பாளர் என்பது ஊரின் தீர்ப்பு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, வேட்புமனு அளித்த நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் நாள் வரையிலான செலவுக்கே கணக்குக் கேட்கிறது. அக்கணக்கு 2022 முதல் 95 லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. தேநீர், நாற்காலி, பொன்னாடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வகுத்து, தேர்தல் செலவினப் பார்வையாளரின் ஆட்கள் தனியே ஒரு நிழல் பதிவேடும் எழுதிவரும் அக்குறுகிய பருவத்தில் கொடைக்குணம் சுருங்கிவிடுவது இயற்கையாதலால், அனுபவம் மிக்கவர் தமது சமூகத் தொண்டு முழுவதையும் அதற்கு முந்தைய பருவத்திலேயே முடித்துவிடுகிறார். கட்சி அலுவலகத்தில் கட்டணம் கட்டி விருப்ப மனு அளித்துவிட்டு நேர்காணலுக்குக் காத்திருக்கும் அக்காலத்தில் அவருடைய இதயம் விரிந்திருக்கும் அளவை எந்தப் பதிவேடும் அளந்ததில்லை.

அப்பருவத்தின் உச்சம் தைப் பொங்கல். தை முதல் நாள் அவனியாபுரத்திலும் அடுத்தடுத்த நாள்களில் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. மதுரையின் பெருமை என உலகமே பேசும் இம்மூன்றில் ஒன்றுகூட மதுரை நாடாளுமன்றத் தொகுதிக்குள் இல்லை என்பதும், முதலாவது விருதுநகர்த் தொகுதிக்கும் மற்ற இரண்டும் தேனித் தொகுதிக்கும் உரியவை என்பதும் வேட்பாளரைத் தவிர வேறெவருடைய கவனத்திலும் பதிவதில்லை. விருதுநகரை விரும்புபவர் அவனியாபுரத்தில் விடியுமுன்னரே தோன்றுகிறார். அவர் பெயரில் ஒரு காளை வாடிவாசலில் காத்திருக்கிறது. மாட்டுக்கும் அவருக்கும் அதற்கு முந்தைய நாள் வரை அறிமுகம் இல்லை. காளை பிடிபடாமல் ஓடிவிட்டால் "அண்ணன் மாடு ஜெயிச்சிருச்சு" என்று ஒலிபெருக்கி முழங்கும். பிடிபட்டுவிட்டாலோ, பிடித்த இளைஞருக்கு அண்ணனே தம் கையால் சைக்கிள் பரிசளித்துத் தோல்வியையும் புகைப்படமாக மாற்றிக்கொள்கிறார். அடுத்த நாள் பாலமேட்டில் அவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். தேனியின் வீரத்தில் அவருக்கு அக்கறை இல்லை.

தெய்வங்களின் எல்லை இவ்வாறு குறுகியதன்று. பங்குனியில் முருகன் திருமணத்துக்காக மீனாட்சியும் சுந்தரேசுவரரும் மதுரையிலிருந்து திருப்பரங்குன்றத்துக்கு எழுந்தருளுகின்றனர். சித்திரையில் மீனாட்சியின் திருக்கல்யாணத்துக்கு முருகன் பவளக்கனிவாய்ப் பெருமாளோடு மதுரைக்குச் செல்கிறார். இரு வீட்டு உறவும் தொகுதி எல்லையைத் தாண்டியதாக இருப்பதால், தமக்கு வாக்கில்லாத மதுரையில் ஏன் நிற்கிறார் என்று எவரேனும் கேட்டால், தம் தொகுதி முருகனுக்குத் துணையாக வந்திருப்பதாகச் சொல்லும் வசதி வேட்பாளருக்குக் கிடைக்கிறது. தேர்தல் ஆணையம் மட்டும் இவ்வுறவை ஏற்பதில்லை. 2019 ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவும் சித்திரைத் தேரோட்டமும் ஒரே நாளில் அமைந்தபோது, மதுரைத் தொகுதி வாக்காளருக்கு இரவு 8 மணி வரை அவகாசம் தரப்பட்டது. விருதுநகர்த் தொகுதியினரான திருநகரவாசிகள் தேர் பார்க்கப் போயிருந்தாலும் மாலை 6 மணிக்குள் வாக்குச்சாவடிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

விழாக்கள் வெளிச்சத்துக்கு உரியவையெனில், வீடுகளே வேட்பாளரின் உண்மையான பயிற்சிக்கூடம். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, வளைகாப்பு, கருமாதி என ஒரு முகூர்த்த நாளில் அவர் ஏறி இறங்கும் படிகள் ஏராளம். ஒரே தெருவின் ஒரு முனையில் காதுகுத்தும் மறுமுனையில் துக்க வீடும் அமையும் நாளில்தான் அவருடைய கலை முழுமையாக வெளிப்படும்: காதுகுத்து வீட்டில் குழந்தை வீறிட்டு அழும்போது சிரித்த முகத்தோடு படம் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுபவர், இருநூறு அடி கடந்து இறங்கும்போது மாலையோடும் கலங்கிய கண்ணோடும் இறங்குகிறார். இம்மாற்றம் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பது ஓட்டுநருக்கு மட்டுமே தெரியும். முகங்கள் மாறிப்போன சம்பவங்களும் உண்டெனினும், துக்க வீட்டார் அவற்றைப் பெரிதுபடுத்துவதில்லை. வந்தாரா இல்லையா என்பதே அங்குக் கணக்கு.

கணக்கு என்ற சொல் இங்கு உவமையாக வரவில்லை. மதுரை வட்டாரத்தில் செய்முறை எனப்படும் வழக்கு, விழா வீட்டாருக்கு உறவினரும் அறிந்தவரும் வைக்கும் பணத்தையும் பொருளையும் நோட்டில் எழுதிவைத்து, வைத்தவர் வீட்டில் விழா வரும்போது சற்றுக் கூட்டித் திருப்பிச் செய்யும் முறையாகும். வட்டி என்ற சொல்லை உச்சரிக்காமல் நடைபெறும் மிக நாணயமான கடன் ஏற்பாடு இது. தொகையும் பெயரும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படுவதால், வேட்பாளர் வைக்கும் ஐந்தாயிரத்து ஒன்று தெருவுக்கே விளம்பரமாகிறது. வேட்புமனு அளித்த பிறகு இதே செயல், அதே சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்லும் கையூட்டு என்ற சந்தேகத்துக்கு இடமாகிவிடும் என்பதால், அப்போது நடக்கும் விழாக்களில் அவர் வெறுங்கையோடு வந்து வெகுநேரம் அமர்ந்திருக்கிறார். பணம் வைத்தவர் உடனே எழுந்து போகலாம். வைக்காதவர் உட்கார்ந்துதான் ஈடுகட்ட வேண்டும்.

இனிப் பொதுக்காரியங்கள். தென்கால் கண்மாயிலோ நிலையூர்க் கண்மாயிலோ சீமைக்கருவேலம் அகற்றும் பணி தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில், மடிப்புக் கலையாத வேட்டியை முழங்காலுக்குமேல் கட்டி, எவரோ முன்பே வெட்டிவைத்த கிளையை அவர் இழுப்பதைக் காணலாம். முள் குத்தாத பக்கம் எது என்பதை உதவியாளர் முன்கூட்டியே குறித்துவைத்திருப்பார். பக்கத்திலேயே, கொலுப் பொம்மைக்குப் பேர்பெற்ற விளாச்சேரியில் களிமண்ணைத் தொட்டுப் பார்த்துக் கைவினைஞர் வாழ்வு உயரவேண்டும் என்கிறார். ஒரு மணி நேரம் தெற்கே பயணம் செய்து சிவகாசி சேர்ந்ததும் பட்டாசுத் தொழிலுக்கும், அருப்புக்கோட்டையில் விசைத்தறிக்கும் இதே வாழ்வு உயர்கிறது. சிவகாசிப் பேச்சு மாற்றப்படாமல் வந்துவிட்டதால், திருநகர் மேடையில் "தீப்பெட்டித் தொழிலாளத் தோழர்களே" என்று விளிக்கப்பட்ட ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் நாகரிகம் கருதிக் கைதட்டுவார்கள்.

எல்லாக் காரியங்களுக்கும் மேலானது தோப்பூர் எய்ம்ஸ் மருத்துவமனை. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2022இல் முதல் அணி மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கிய பின்னும் தோப்பூரில் கட்டடம் எழும்பாதிருந்த இந்நிறுவனம், நோயாளிக்குப் பயன்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அரசியலுக்குப் பயன்பட்டுவிட்டது. 2021 சட்டமன்றத் தேர்தல் பரப்புரையில் உதயநிதி ஸ்டாலின் ஒற்றைச் செங்கலைத் தூக்கிக் காட்டியதிலிருந்து, ஒரு தரப்பு வேட்பாளர் 'எங்கே' என்றும் மறுதரப்பு வேட்பாளர் 'இதோ' என்றும் ஒரே பொட்டலைச் சுட்டிப் பேசமுடிந்தது.

திருநகரவாசிகள் இவற்றையெல்லாம் ஏமாந்து பார்த்துக்கொண்டிருப்பதாகக் கருதினால் அது ஆய்வாளரின் அறியாமை. வேட்பாளர் அவர்களைப் பயன்படுத்துவதைவிட அவர்கள் வேட்பாளரைச் சிறப்பாகப் பயன்படுத்துகின்றனர். கோயில் கமிட்டியார் அன்னதானத்து அரிசி மூட்டைக்கு ஒருவரையும் ஒலிபெருக்கி வாடகைக்கு அவருடைய எதிரியையும் அணுகி, இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் ஃப்ளெக்ஸில் அச்சிடுகின்றனர். பாதாளச் சாக்கடையும் தெருவிளக்கும் மாநகராட்சியின் பொறுப்பு என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஆயினும் "அது கவுன்சிலர் வேலைங்க" என்று சொன்ன வேட்பாளர் இதுவரை பிறக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 83 லட்சம். வழிபாட்டிடங்களுக்கு அதைச் செலவிட விதியும் இடந்தராது. இவ்விதியை அறியாதவர்போல் அவர் கோயில் மண்டபத்துக்கு வாக்குக் கொடுக்க, அவர் அறிவார் என்பதை அறியாதவர்கள்போல் ஊரார் மாலை போடுகின்றனர். ஆரத்தித் தட்டோடு நிற்கும் மூதாட்டியிடம் "நான் உங்க பேரன் அப்பத்தா" என்று அவர் குனிந்தால், "இருக்கட்டும்யா, பேரனுக்கு இந்தத் தெருத் தண்ணி என்னைக்கு வரும்னு தெரியுமா?" என்ற கேள்வி தட்டோடு சேர்ந்து சுற்றிவருகிறது.

2024 ஜூன் 4 அன்று வாக்குகள் எண்ணப்பட்டபோது, இத்தொகுதியில் காங்கிரசின் மாணிக்கம் தாகூர் தேமுதிகவின் விஜய பிரபாகரனை வென்றது வெறும் 4,379 வாக்கு வித்தியாசத்தில். சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி 730. ஒரு நல்ல காதுகுத்தில் ஒரு வேளைப் பந்தியில் உட்காரும் கூட்டம் அவ்வளவு. இந்த எண்ணைப் பார்த்த பிறகு எந்தக் கட்சியின் வருங்கால வேட்பாளரும் எந்த அழைப்பிதழையும் மேசையில் விட்டுவைக்கமாட்டார்.

எந்தத் தேர்தலானாலும் வென்றவர் தில்லிக்குப் போய்விட, மாலையோடு அவருடைய உதவியாளர் வரத் தொடங்குகிறார். தோற்றவரோ முன்னிலும் ஒழுங்காக விழாக்களுக்கு வருகிறார்; வெளியே வைத்த செய்முறை வெளியிலேயே நிற்கிறதல்லவா. உரிய காலத்தில் அவர் வீட்டிலும் பேரனுக்குக் காது குத்துகிறார்கள். பந்தலில் மைக் முன் அமர்ந்தவர் பெயர்பெயராக வாசிக்க, வாக்குப் போடாதவர்கள்கூட ஐந்தாயிரத்து ஒன்றுக்கு ஐந்தாயிரத்து ஐந்நூற்று ஒன்றாகத் தவறாமல் திருப்பிச் செய்கின்றனர். வென்றவரும் நேரிலேயே வந்து புதிதாக ஒரு தொகை வைத்துவிட்டு முன்வரிசையில் அமர்கிறார். அதை நோட்டில் ஏற்றிய மைத்துனர், திருப்பிச் செய்யவேண்டிய நாளைக் கணிக்கும் பொருட்டு, எம்.பி.யின் பேத்திக்கு எத்தனை வயதாகிறது என்று உதவியாளரிடம் மெல்ல விசாரிக்கிறார்.